பற்றரி போட்ட கிற்றார்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
19.08.1999

அன்புள்ள ஞானசேகரம்,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் புஷ்பவதியும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து ஆறுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றும்படி இருக்கிறோம். பிரித்துப் பார்ப்பார்கள் என்று இதை இங்கே தபாலில் போடவில்லை. இன்று பின்னேரம் கொழும்புக்குப் போகும் காசிநாதர் மாஸ்ரர் அங்கிருந்து அனுப்புவார். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய பேஸ் கிற்றார். நீ சொன்னபடியே செய்தேன். புதுக் கம்பி போட்டேன். கம்பிகளைக் கழுத்தின் உலோகப் பட்டிகளுக்கு நெருக்கமாக இறக்கினேன். கழுத்து முடிகிற இடத்தில், தடித்த கம்பியைப் பெருவிரல் எலும்பால் அடித்தேன். விரல் அங்கே தங்கக் கூடாது, சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் திரும்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பல நாள் தங்கியது. ஈரச் சாக்கில் அடித்த சத்தம். பிறகு ஒரு மத்தியானம், நான் நினைக்காதபோது, திரும்பியது. மேலே உலோகம், கீழே அந்தத் தாழ்ந்த சுரம், இரண்டும் ஒரே கணத்தில். சுட்டுவிரலால் மெல்லிய கம்பியை இழுத்துவிட்டேன். சொடுக்கியது.

அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினா. "தெருவுக்குக் கேக்குதடா. ஆமிக்காரங்கள் வேற மாதிரி நினைச்சாங்களெண்டால்?"

அதன்பின் அம்பிளிபயருக்கு முன்னால் தலையணை வைத்துத்தான் வாசித்தேன்.

துறைமுகத்துக்குள் நேவி இன்னும் வெடி போடுகிறது, தண்ணீருக்கடியில் நீந்தி ஆள் வரக்கூடாதென்று. நீ இருந்தபோது முதலில் தரை அதிரும், பிறகு ஜன்னல் கண்ணாடி. இப்போது மூன்றாவதாக ஒன்று. சுவரில் சாய்த்துவைத்த கிற்றாரின் தடித்த கம்பி, யாரும் தொடாமல், முனகுகிறது.

நீ ஒன்றை எழுதவில்லை. அங்கே அது எழுதவேண்டிய விஷயமில்லைப் போலும். உன் பழைய கிற்றாருக்கு ஒரு வயர் போதும். இந்தப் புதியதன் முதுகில் சின்ன மூடி இருக்கிறது. திறந்தால் ஒரு மின்பலகை, சிவப்பும் கறுப்புமாக வயர்கள், ஒன்பது வோல்ற் பற்றரி. பற்றரி தளர்ந்தால் அடி கிழிகிறது. செத்தால் சத்தமே இல்லை. ஆடியில் செத்தது. குண்டு வெடிக்கவைக்க உதவும் என்று, இங்கே கடைகளில் அந்தப் பற்றரியை இப்போது வெளியில் வைப்பதில்லை. கேட்டவனின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிப்பவன் அன்ஸார். நீ வெளிநாடு போன பிறகு சேர்ந்தவன். கொழும்புக்கு மாமி வீட்டுக்குப் போனவன், எனக்காக இரண்டு பற்றரி வாங்கினான். உறையோடு கொண்டுவந்தால் வியாபாரத்துக்கு என்று நினைப்பார்கள் என்று, உறையைக் கிழித்தெறிந்துவிட்டுச் சட்டைப்பையில் சும்மா போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஆமி பஸ்ஸை மறித்த சோதனையில் பற்றரிகளை எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சொன்னது இது. கிற்றாருக்கு என்று சிங்களத்தில் சொன்னானாம். கிற்றாருக்குப் பற்றரியா என்று கேட்டார்களாம். பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாங்கள் நாக்கில் வைத்துப் பார்ப்போமே. ஆபத்தில்லாத சாமான் என்று காட்ட, அவன் அங்கேயே நாக்கை நீட்டி வைத்துக் காட்டியிருக்கிறான். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை.

யாருடைய கிற்றார் என்று கேட்டதற்கு, தன்னுடையது என்றிருக்கிறான். அவனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் பெயர் அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதம் இருக்காது.

அவனுடைய தாய், றுக்கியா உம்மா, தினமும் முகாம் வாசலுக்குப் போகிறா. நேற்று ஒரு பெரிய அதிகாரி வெளியே வந்து சொன்னாராம்: வெள்ளிக்கிழமை அந்தக் கிற்றாரைக் கொண்டுவா, இந்தப் பற்றரியைப் போட்டு உன் மகன் என் முன்னால் வாசிக்கட்டும், சத்தம் வந்தால் கூட்டிக்கொண்டு போ. உம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தா. முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "மகன், அது சத்தம் போடுற சாமான்தானே. போட்டுக் காட்டினா உட்டுருவாங்க."

அன்ஸாருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

நேற்றிலிருந்து கிற்றாரை அவன் கைக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். இந்த அடி பாதி டிரம்ஸ்காரன் வேலை என்று நீதானே எழுதினாய். வலது கை அவனிடம் இருக்கிறது. இடது கை வேண்டாதபடி, கம்பிகள் சும்மா நின்றாலே ஒத்துப்போகும் சுருதிக்கு மாற்றினேன். எங்கே அடித்தாலும் பட்டியில் படும்படி கம்பிகளை இன்னும் இறக்கினேன். தாழ்ந்த சத்தத்தை அரைவாசியிலும், கூர்மையை அதற்குக் கொஞ்சம் மேலேயும் வைத்து, திருகிகள் அசையாமல் ஒட்டுநாடா ஒட்டினேன். உம்மா தனியே தூக்கிப் போகலாம். நான் போகத் தேவையில்லை.

இன்று காலை கண்ணை மூடி, அவனைப்போல் வாசித்துப் பார்த்தேன். இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு. அடி நன்றாக விழுந்தது. ஆனால் நிற்கவில்லை. அடிக்காத கம்பிகளும் சேர்ந்து முனகின. அவற்றை அமர்த்த இடது உள்ளங்கை குறுக்கே கிடக்க வேண்டும். டிரம்ஸ்காரன் அடித்தால் விட்டுவிடுவான். தன் கிற்றாரை நிறுத்தத் தெரியாத ஒருவனை அந்த மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முனகல் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வெடிக்குப் பிறகு சுவரோரம் கேட்பதும் அதுதான்.

நாளை உம்மாவுடன் நானும் போகிறேன். அம்பிளிபயரை ஓட்டோவில் ஏற்றலாம். கிற்றார் அன்ஸாருடையது, வாசிக்கிறவன் நான் என்று சொல்வேன். அவன் சொன்னது பொய்யாகக் கூடாது. இன்றிலிருந்து அது உண்மையும்தான். நீ அனுப்பியதை அவனுக்குக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. கம்பிகளைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். பெருவிரலை இன்னும் அடித்துப் பழக்குகிறேன். பயந்த விரல் தங்கிவிடும். தங்கினால் ஈரச் சாக்கு.

அம்மாவிடம் சாம்பல்தீவில் ஒரு கலியாணத்துக்கு ஒத்திகை என்று சொல்லியிருக்கிறேன். நம்பினா. சட்டையை மினுக்கி மடித்துத் தந்தா.

ஞானம், நீ அங்கே ஜன்னலைத் திறந்துவைத்து வாசி. பிள்ளைக்கும் கேட்கட்டும்.

ஒரு உதவி. கிற்றாரை நீ வாங்கியபோது ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கும். பற்றரி எங்கே போடுவது என்று அதில் படம் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படப்பிரதி எடுத்து உடனே அனுப்பு. இரண்டு அனுப்பு, முகாம் வாசலில் காட்ட. ஒன்று றுக்கியா உம்மாவின் பெயருக்கு. மற்றது அம்மாவின் பெயருக்கு. என் பெயருக்கு வேண்டாம்.

என்றும் உன்,
கௌரிதாசன்