விடு என்று கத்தினேன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எங்கள் ஊர் நகரியிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதி வந்தேன். ஃபுட்பால் பிராக்டிஸுக்கு பவன்குமார் மட்டும் லேட். டிஃபென்ஸ் ஆடுகிற திருப்பதிப் பையன், தமிழ் ஒரு சொல் தெரியாது. தரிசன கியூவில் நின்றுவிட்டு வந்தாயா என்று தெலுங்கில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

ஞாயிறு சித்தூர் டீமோடு மேட்ச். கோல்கீப்பர் சாய்குமாரைப் பார்க்கச் சென்னை கிளப் ஆள் வருகிறாராம். நம்ம நகரிப் பிள்ளை, தறி ஓட்டுகிற வீடு. இருபத்திரண்டு வயசு, கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. நானும் சம்பளத்துக்குப் பந்து ஆடினவன்தான், சென்னை, கொல்கத்தா எல்லாம் பார்த்தவன். முழங்கால் போனது, கோச் ஆனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பந்து உயரமாக வந்தது. சாய்குமார் பிடிக்க ஓடி வந்துவிட்டான். பவனும் எகிறப் போனான். கீப்பர் வருகிறான், நீ விலகு என்பதற்கு நாங்கள் பழகின சொல் தெலுங்கில் 'வதிலெய்'. பதற்றத்தில் என் வாயில் தமிழ் வந்துவிட்டது. "விடு" என்று கத்தினேன். கத்தினால் எழுத்து நீளாதா? பவன் காதில் 'வீடு' என்று விழுந்திருக்கிறது. தெலுங்கில் வீடு என்றால் 'இவன்'. இவனைப் பிடி என்கிறேன் என்று எதிராளி மேல் பாய்ந்தான். முழங்கால் போய் இடித்தது சாய்குமார் தலையில்.

எழுந்து சிரித்தான். ஒன்னும் இல்லண்ணா என்றான். வெளியே உட்கார வைத்தேன். கோல் போஸ்ட்டுக்கு அடி படலையே என்று கிண்டல் வேறு பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி. அப்புறம் என்னையே யாரு என்று கேட்டான்.

மூளைக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. கண் திறக்கவில்லை.

அவன் அம்மா கமலம்மா வந்தது. திட்டும், அடிக்கும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். என் தப்பை நானே சொன்னேன். அது கேட்டது ஒன்றுதான்.

"பந்த புடிச்சானா?"

"புடிச்சாம்மா. கீழ விழுந்தும் வுடல."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கண் திறந்தான். அம்மாவைத் தெரிந்தது. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடையாளம் தெரியாமல் திருப்பினானா, தெரிந்தே திருப்பினானா? எது என்றாலும் பயமாக இருக்கிறது.

பவன் வராண்டாவில் உட்கார்ந்து அழுதான். "வீடு அன்னாரு கதா சார்," என்றான் — வீடு என்றுதானே சொன்னீங்க என்று. ஆமாம்டா, நான்தான் சொன்னேன் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

டாக்டர் சொல்லிவிட்டார். இனி மேட்ச் ஆடக் கூடாது. தலையில் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து.

கமலம்மா "உசுரு கீதே, போதும்" என்றது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்கு முழங்கால் போனபோது வயசு முப்பத்தொன்று. அதற்கே நான் ரெண்டு வருஷம் மனுஷனாக இல்லை. இவன் ஏதாவது செய்துகொண்டால்?

செப்டம்பர் 21, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். என் பெண்டாட்டி ரோஹிணி சொல்கிறாள், "தெனம் போய்க்கினே இரு. தொரத்தினா வா."

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கும் துரத்தவில்லை. கிளம்பும்போது கேட்டான்: "கோல்ல யார நிக்க வச்சிக்கினு கீற?"

புதுப் பையன் பாலையா என்றேன். "அவனா? காலே நவுராது அவனுக்கு," என்றான். அவ்வளவுதான். திருப்பதி பிராக்டிஸுக்குப் போகிற பஸ்ஸில் அழுதுவிட்டேன். கண்டக்டர் சில்லறை இல்லையா என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

மேட்சுக்கு சாய்குமார் வந்தான். தலையில் தொப்பி, தழும்பு தெரியாமல். என் பக்கத்தில் நின்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே பந்து இந்தப் பக்கம் வந்துவிடுமோ என்று.

அப்புறம் அதே மாதிரி உயரப் பந்து. பாலையா வெளியே வருகிறான், பவன் எகிறப் போகிறான். கத்த வாயைத் திறந்தேன், சத்தமே இல்லை. ஆகஸ்டிலிருந்து இப்படித்தான், அந்த இடத்துக்குப் பந்து போனால் எந்த பாஷை வருமோ என்று பயந்து வாய் நின்றுவிடும்.

"வதிலெய்!"

சாய்குமார். மைதானமே திரும்பிப் பார்க்கிற சத்தம். பவன் விலகினான், பாலையா பிடித்தான்.

"நீ முன்னாடி ஆடறவங்கள பாத்துக்கண்ணா," என்றான் என்னைப் பார்க்காமலே. "பின்னாடி என்னுது."

சரி கோச் காரு என்றேன், தெலுங்கு மரியாதை போட்டு. கிண்டலாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்படி வரவில்லை.