ஒரு விளக்கு, ஒரு கறுப்பு வேட்டி

4.3, செவ்வாய்

விடியலில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. கேமராப் பையில் அறுவடைத் தூசி. லென்ஸ் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன்.

காலை முழுக்க பாஸ்போர்ட் சைஸ். சொசைட்டிக் கடனுக்குப் படம் எடுக்க ஒரே ஊர்க்காரர்கள் கும்பலாக வந்தார்கள். எல்லாரும் ஒரே நீலச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். யார் சட்டை என்று கேட்டேன். ஸ்டுடியோ சட்டை என்று நினைத்தார்களாம். இவருடையது. பக்கத்திலேயே இருக்கிற தன் உரக்கடையில் மூட்டை இறக்க பனியனோடு போன என் வீட்டுக்காரர், இங்கே ஆணியில் கழற்றி மாட்டியிருந்தார். திரும்பி வந்து, கசங்கிப்போயிருக்கிறதே என்றார். காரணத்தை நான் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெண். யமுனா. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர், ஒரகடத்தில் கம்பெனி வேலை. இருபத்தைந்து இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். இறக்கினேன். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

முடியே இல்லை. புழுவெட்டு. பத்தொன்பதில் ஆரம்பித்து ஒரே வருடத்தில் எல்லாம் போய்விட்டதாம், புருவம் மட்டும் மிச்சம். வலது காதுக்குப் பின்னாலிருந்து உச்சந்தலை வரை ஒரு கொடி பச்சை குத்தியிருக்கிறாள். மல்லிக்கொடி என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பாகற்கொடி. காதுமடலுக்குப் பின்னால் ஒரு பிஞ்சுக் காய். வீட்டுப் பந்தலில் அதுதானாம்.

சென்னையில் புதிதாக நகை செய்கிற ஒரு கம்பெனி மாற்று மாடல்களைத் தேடுகிறது. மொட்டைத் தலை, தழும்பு, வெண்புள்ளி, உடம்பு முழுக்கப் பச்சை, இப்படிப்பட்டவர்களை. மூன்று படம் அனுப்பவேண்டும்:

நேர் முகம்.
பக்கவாட்டு.
முழு உருவம்.
ரீடச், அதாவது படத்தில் திருத்தம், கூடவே கூடாது. சனி மாலைக்குள்.

வீட்டு ஆட்கள் தவிர வேறு யார் முன்னாலும் விக்கைக் கழற்றியதில்லையாம். "ஒருவாட்டிதாங்க்கா இந்த தைரியம் வரும். இது ஆவலன்னா உட்டுட்டு, விக்கே போதும்னு இருந்துருவேன்" என்றாள்.

நாளைக்கு வரச் சொன்னேன். முகம் அருமையான முகம். சுலபம்.

இட்லி மாவு புளித்துவிட்டது. இரவு தோசை.

5.3, புதன்

"சுலபம்" என்று எழுதியிருக்கிறேன்!

இடம் ஒரு சாப்ட்பாக்ஸ், சதுர விளக்கு; வலம் ஒரு சாப்ட்பாக்ஸ். பின்னால் வெள்ளைத் திரை. கல்யாணப் பெண் செட்டப். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன்.

வந்தது என்ன: மண்டையில் இரண்டு சதுர வெளிச்சம், ஜன்னல் பதித்த மாதிரி. கன்ன எலும்பைக் காணோம். கொடி, பழைய பால்பாயின்ட் கிறுக்கல். தலை வெள்ளைத் திரையில் கரைந்துபோயிற்று. பளபளப்பைக் குறைக்கலாம் என்று பவுடர் போட்டேன். அந்த மாநிறத்தில் சாம்பல் பூத்தது.

யமுனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, பேஷன்ட் மாதிரி கீறேன்."

மறுபடி, திரையைப் பார்த்துக்கொண்டே: "எல்லார் கண்ணுக்கும் இப்டிதான் கீறேனோ இன்னாவோ."

விக்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடி பார்க்காமல் மாட்டப் பழகிய கை.

குறை உன் முகத்தில் இல்லை, என் செட்டப்பில்தான், வெள்ளிக்கிழமை வா என்றேன். யோசிக்கிறேன் என்றாள். யோசிக்காதே, வா என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். எப்படி என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

பெரியவன் ஹாஸ்டலிலிருந்து போன். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம். அப்படியானால் ஏதோ வேண்டும்.

6.3, வியாழன்

விழித்ததும் அதே நினைப்பு. பேஷன்ட். அவள் சொன்னது சரி. ஆஸ்பத்திரியில் நிழல் கிடையாது. எல்லாப் பக்கமும் டியூப் லைட். நான் போட்டதும் அதே வெளிச்சம்தான். இங்கே வருகிறவர்கள் கேட்பது அது: முகம் பளிச்சென்று, வெளுப்பாக, பள்ளம் மேடு தெரியாமல். கேட்டதைக் கொடுத்துத்தான் இந்த ஸ்டுடியோ நிற்கிறது. ஆனால் முடியே இல்லாத தலைக்கு அந்த வெளிச்சம் ஆகாது. முடி இருந்தால் அதுவே முகத்துக்கு ஓர் ஓரம் கட்டிவிடும். இவளுக்கு அந்த ஓரத்தை நிழல்தான் கட்டவேண்டும்.

பளபளப்பு என்பது விளக்கின் பிம்பம். தலை ஒரு குவி ஆடி. பி.எஸ்சி. பிசிக்ஸ், இரண்டாம் வருடம். சதுர விளக்கு வைத்தால் சதுரம்தான் தெரியும், பவுடர் போட்டு அதை மறைக்க முடியாது. ஆக:

விளக்கு ஒன்று போதும்.
அதற்கு எண்கோண விளக்குக் குடை, பெரியது.
வலப்பக்கம், காதுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில். நடு வெளிச்சம் முகத்துக்கு முன்னால் கடந்து போகவேண்டும், ஓரம் மட்டும் முகத்தில் படவேண்டும்.
பவுடர் வேண்டாம். விரல் நுனியில் தேங்காய் எண்ணெய்.

சோதித்துப் பார்க்க ஒரு வழுக்கைத் தலை வேண்டும். ஒரு மணிக்கு அதுவே சாப்பிட வந்தது.

இவருக்கு உச்சி காலியாகிப் பல வருடம். இடப்பக்கத்து முடியை வளர்த்து வலப்பக்கத்துக்கு வாரி மூடி வைத்திருப்பார். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். ஈரக் கையால் அதை ஒதுக்கினேன்.

"தே, இன்னா பண்றே? கடைல ஆளு கீறாங்க."

ஆள் இங்கே வரமாட்டார்கள் என்றேன். படம் எடுக்கக்கூடாது, லைட்டை மட்டும் பார்த்துக்கொள் என்று பேரம். படம் எடுக்காமல் லைட்டை எப்படிப் பார்ப்பது.

சதுரம் போய்விட்டது. நெற்றியிலிருந்து உச்சி வரை நீளமாக, மெத்தென்று ஒரு கோடு. ஆனால் நிழல் வரவில்லை. விளக்கை நகர்த்தினேன், இறக்கினேன், குறைத்தேன். இடது கன்னம் அப்படியே தட்டை. அரை மணி நேரம். இவர் சாப்பாடு சாப்பாடு என்கிறார்.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். வெள்ளை. கூரை வெள்ளை. போன தீபாவளிக்கு நானே நின்று அடிக்கச் சொன்ன பால் வெள்ளை. ஒரு விளக்கு போட்டாலும் சின்ன ரூம் முழுக்கத் திரும்பி அடிக்கிறது. இனி வெளிச்சத்தைப் போடுவது இல்லை வேலை. எடுப்பது.

கறுப்புத் துணி வேண்டும், பெரிதாக. மழைக் குடை போதாது. கறுப்புப் புடவை என்னிடம் கிடையாது, அம்மா வீட்டில் வாங்கவே விட்டதில்லை. பீரோவில் இருப்பது ஒன்றே: மலைக்குப் போகையில் இவர் கட்டுகிற வேட்டி.

"சாமிக்குக் கட்டினதுடி அது."

அதைக் கட்டிக்கொண்டுதானே வழியெல்லாம் பஜ்ஜி தின்றீர்கள் என்றேன். சோறு தின்றார், கை கழுவினார். பீரோவைத் திறந்து, கற்பூர வாசனையோடு அவரே எடுத்துவந்து கொடுத்தார். கீழே மட்டும் போடாதே என்றார்.

நாற்காலி முதுகில் விரித்து, இடது கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். க்ளிக்.

என் வீட்டுக்காரருக்குத் தாடை எலும்பு இருக்கிறது. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

பார்த்துவிட்டு அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மாலை கடைக்குப் போகையில் முடியை மறுபடி வாரிக்கொண்டுதான் போனார்.

7.3, வெள்ளி

வந்தாள். மனதுக்குள் வரமாட்டாளோ என்று ஓடிக்கொண்டிருந்தது, எழுதி வைக்கிறேன்.

கூடவே அம்மா, அஞ்சலா. ஐம்பது வயது, தோட்டத்து வெயில் குடித்த கை. கையில் மஞ்சள் பை, அதற்குள் இன்னொரு விக். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தாளாம். உள்ளே வந்ததும் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டாள்: மூடி வைத்ததை ஊருக்குக் காட்டுவானேன், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன் போனில் பார்க்கமாட்டானா, இந்த பேஜாரெல்லாம் யாருக்கு வேண்டும். டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். அம்மாவும் பெண்ணும் ஒரே மாதிரி ஊதிக் குடிக்கிறார்கள்.

பின்னணிக்கு உரக்கடைத் தார்ப்பாயின் மறுபக்கம். மங்கலான சாம்பல் பச்சை. சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி ஸ்டூல். 85 லென்ஸ். எஃப் 4.

வேட்டி பிடிக்க ஆள் வேண்டும். முகம் திரும்பத் திரும்ப அதுவும் கூடவே நகரவேண்டும், நாற்காலி உதவாது. இவரைக் கூப்பிட முடியாது, யமுனா கையில்லாத ரவிக்கையில் இருக்கிறாள். "அஞ்சலாக்கா, நீங்க புடிங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். இரண்டு கையையும் விரித்துப் பிடித்ததும் வேட்டிக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை.

"இன்னும் கிட்ட வாங்க."

"எவ்ளோ கிட்ட? மூஞ்சில மூடிருவேன் போல கீது."

முதல் பத்து இருபது படத்தில் வெளிச்சம் மட்டும்தான் சரி. அவள் சரியில்லை. கேமராவுக்கு அனுமதி கேட்கிற முகம். விளக்கால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.

வேட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா ஆரம்பித்தாள். அவளுக்கு மகள் முகம் தெரியாது, மகளுக்கு அவள் முகம் தெரியாது. கை வலிக்கிறது, ஆட்டுக்குட்டி தனியாக இருக்கிறது, காலையில் நாஷ்டாகூடத் தின்னவில்லை. பிறகு, பெருமூச்சோடு:

"பாவக்கா போட்டுக்கினா பாரு. பொடலங்கா போட்டிருந்தா பின்னல் மாதிரியாவது தொங்கியிருக்கும்."

யமுனா சிரிக்கவில்லை. சிரிப்பை உதட்டுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டு, நேராக லென்ஸைப் பார்த்தாள். "இதுக்கு மேல என்ன சொல்லிடப் போறீங்க" என்கிற பார்வை.

எடுத்துவிட்டேன். எடுத்த நொடியே தெரிந்தது.

பக்கவாட்டும் முழு உருவமும் அதற்கப்புறம் தண்ணீர் மாதிரி வந்தன.

8.3, சனி

மகளிர் தினமாம். ஒரு பள்ளி ஆசிரியைகள் எல்லாரும் ஒரே நிறப் புடவையில் குரூப் போட்டோ. நடுவில் உட்கார்ந்தவர் ஹெச்.எம். ஒருவரும் சிரிக்கவில்லை.

மதியம் யமுனாவும் அம்மாவும். அதற்கு முன்பே மூன்றைப் பொறுக்கி வைத்திருந்தேன். மோவாயில் ஒரு பரு. கை தானாக மவுஸுக்குப் போனது, அழிக்க. கையை எடுத்துக்கொண்டேன். ரீடச் கூடாது என்றால் கூடாது.

நேர் முகத்தைத் திறந்தேன். வலப்பக்கம் கொடி ஒவ்வோர் இலையாக எண்ணலாம். இடப்பக்கம் இருட்டுக்குள் போகிற கன்னம், அதற்குள்ளும் கண் தெளிவாக. நான் எடுத்ததிலேயே நல்ல படம். யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்கே எழுதலாம்.

யமுனா கிட்டே வந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள்.

"திமிரா கீறேன்" என்றாள். பிறகு, "நல்லா கீது."

அஞ்சலா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். கண் அப்படியே அவள் அப்பன் கண் என்றாள். மூக்குக்கும் ஒரு குறை சொன்னாள். அப்புறம் எனக்கு ஒன்று பெரிதாகப் போட்டுக் கொடு, வீட்டில் மாட்ட என்றாள். பெரிய தாளை எடுக்க எழுந்தேன். அதற்குள் அடுத்த வார்த்தை:

"நெத்திக்கு மேல மட்டும் வெட்டிட்டுக் குடும்மா."

நான் யமுனாவைப் பார்த்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "குடுக்கா. எவ்ளோ வோணுமோ அவ்ளோ மாட்டிக்கட்டும்."

வெட்டிக் கொடுத்தேன். வெட்டினாலும் படம் நிற்கிறது.

அனுப்புகையில் நெட் இல்லை. மூன்று பேரும் மொட்டை மாடி ஏறினோம். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால் போன் இரண்டு கோடு காட்டுகிறது. அனுப்பு பொத்தானை யமுனாதான் அழுத்தினாள். ஸ்டுடியோவில் கழற்றிய விக் பைக்குள்ளேயே இருந்தது. படி இறங்குகையில் போட்டுக்கொண்டாள், தெருவில் ஆள் நடமாட்டம்.

11.3, செவ்வாய்

மூட்டம். மதியம் தூறல், மண்ணை நனைக்கக்கூடப் போதாது. களத்தில் நெல் காயப்போட்டவர்கள் எல்லாரும் ஓட்டம். இவர் கடைத் தார்ப்பாய் எல்லாம் வாடகைக்குப் போயிற்று, என் பின்னணி உட்பட.

நான்கு மணிக்கு யமுனா போன். கம்பெனி டீ நேரம், ரகசியக் குரல். வரச் சொல்லிவிட்டார்கள். வியாழன் காலை, சென்னையில் நேரில் ஒரு சோதனை ஷூட். வருகையில் படத்தில் இருக்கிற மாதிரியே வரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம்.

சந்தோஷத்தைச் சொல்லத் தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அவள் போனை வைக்கவில்லை. ஏதோ மிச்சம் இருந்தது. அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். போகும்போது விக், அங்கே போய்க் கழற்று என்கிறாளாம். இவளுக்கு வீட்டு வாசலிலிருந்தே விக் இல்லாமல் கிளம்பவேண்டும் என்று ஆசை. செங்கல்பட்டு வரை பஸ், அப்புறம் ரயில். கூட்டம். அதுதான் யோசனை.

பஸ்ஸில் செட்டப் போட்டுக் கொடுக்க என்னால் முடியாது. பயப்படாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தத் தலையோடு போகப்போவது நான் இல்லை.

"பாத்துட்டு பாவம்னு எயுந்து எடம் குடுப்பாங்கக்கா" என்றாள். "அதான் தாங்க முடியாது."

"குடுத்தா உக்காந்துக்கோ" என்றேன். "வலப்பக்கம், ஜன்னல் ஓரமா. காலைல வெயில் அந்தப் பக்கந்தான் வரும், கொடி மேல படும்."