ஞானக்கா, இந்த முறை நான் சொல்லிவிட்டேன்

என் பிரியமான ஞானக்கா,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறேன். பேச வேண்டியதைப் பேசாமலே திரும்பிவிடுகிறேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாதத் தூரம் நின்று இரண்டு வருஷம் கழித்து உனக்கு மறுபடியும் ரத்தம் பட்டதே, அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். "சூடுடீ லூர்து. வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சா அடங்கிரும். யார்ட்டயும் சொல்லிராத, மாதா மேல சத்தியம்" என்றாய். சத்தியம் செய்தேன். எட்டு மாதம் அதைக் காப்பாற்றவும் செய்தேன். இடுப்பு வலியில் நீ எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். முதல் மாதமே கூட்டிப் போயிருந்தால்? அதைக் கேட்க அன்று எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் சவரி வந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, சேவுகம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். நடுமத்தியானத்தில் கொல்லையில் குத்தவைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துணியைப் பின்னால் மறைத்தாள்.

"என்ன சவரி, உனக்கு நின்னு ஒன்றரை வருஷமாச்சே?"

"ஒண்ணுமில்ல மதினி. வெயில்ல களையெடுத்த சூடு. மூணு தடவ லேசாப் பட்டுச்சு, அம்புட்டுத்தான். அண்ணன்ட்டச் சொல்லிராதீங்க."

அதே சூடு, அக்கா. டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன். "செத்தாலும் வரமாட்டேன்" என்றவள், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியே விட்டாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"எங்கக்கா எப்படிச் செத்துச்சுன்னு நினைச்சீங்க? இப்படித்தான். அப்பவும் நான் யார்ட்டயும் சொல்லல."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். தங்கையிடம் என்ன சொன்னாரோ, இருவரும் ஒரே குதிரை வண்டியில் திரும்பி வந்தார்கள். இறங்கும்போது சவரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்கள நம்பினேன் மதினி" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பார்த்து முடித்ததும், "சூட்டுனால இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"சூட்டு மேல பழியைப் போட்டுட்டு வீட்ல இருந்துராதீங்க. சின்னச் சதை வளர்ச்சியா இருக்கலாம். புண்ணு, இல்ல வயசுல உள்தோல் மெலிஞ்சு போனது. புற்றாவும் இருக்கலாம். பார்க்காமச் சொல்ல முடியாது. தூரம் நின்னு ஒரு வருஷம் ஆனவங்களுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டணும். ரெண்டு தூரத்துக்கு நடுவுல பட்டாலும், புருஷனோட இருந்த பிறகு பட்டாலும் காட்டணும். துணி மேல துணி நனைஞ்சு தலை சுத்தினாலோ, பிள்ளைத்தாச்சிக்குப் பட்டாலோ, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது."

அப்போதுதான் உன்னைப் பற்றிக் கேட்டேன், அக்கா. முதல் மாதமே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "பிழைச்சிருக்கலாம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதும்மா" என்றார்.

உள்ளே இருந்த சதையை எடுத்து, சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். சவரி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நான் வைத்த சோற்றைத் தின்பாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமென்றால்கூட அண்ணனிடம்தான் கேட்பாள். தபால்காரர் தெருவில் வந்தாலே நான் வாசலுக்கு ஓடுவேன். அவள் நிலைமை எப்படி இருந்திருக்கும்?

பதின்மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். புற்று இல்லை, வெறும் சதை வளர்ச்சிதான். மறுபடி பட்டால் உடனே வரச் சொன்னார். சவரி அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். மறுநாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் புறப்பட்டாள். பேசாவிட்டால் போகிறாள். தன் காலாலேயே நடந்து போய் பஸ் ஏறினாள், அக்கா. அதை நான் பார்த்தேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷம் நீ பெற்ற செல்விக்கு இப்போது பதினெட்டு வயது. தை மாதம் கல்யாணம். அம்மா வயிற்றுவலியில் போனாள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைத் தனியாக உட்காரவைத்து, உனக்கு என்ன வந்தது, எத்தனை மாதம் மறைத்தோம், டாக்டரம்மா சொன்னது என்ன, எல்லாவற்றையும் சொல்வேன். அறிந்தவள் யார் என்று கேட்பாள். நான்தான் என்பேன். அவள் என்னை மன்னிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்வேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
லூர்து
திண்டுக்கல்