சின்னது என்று சொன்னது

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் என்றால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மூளை டாக்டர் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாராம். 'நல்லா இருக்கான்' என்று மட்டும் சொல். பொய்யா? மூளையில் ஆபரேஷன் செய்த பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்து விழுந்தேனா? நாக்கைக் கடித்தேனா? வயிற்றிலிருந்து ஏதோ ஏறும், காரணமில்லாமல் ஒரு பயம் வரும், போய்விடும். அதை டாக்டரே 'சின்னது' என்றார். அவர் சரி என்றால் ஸ்கூல் வேன் சாவி மறுபடி என் கைக்கு வரும். மற்றவன் ஓட்டும் வண்டியைக் கழுவிக் கழுவி வெறுத்துப்போனேன்.

தம்பி

மார்ச் 9

என் தம்பிக்கு,

டாக்டர் கூப்பிட்டார். பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தி அப்படியே நின்றது. சப்புக் கொட்டினாய், சட்டைப் பொத்தானைத் திருகினாய். மாமா, "என்னப்பா, கூப்பிடக் கூப்பிட காதுல விழலையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னையா கூப்பிட்டீங்க மாமா?" என்றாய். வயிற்றிலிருந்து ஏறியதுதான் உனக்குத் தெரியும். அதன்பின் நீ அங்கே இல்லாதது எங்களுக்குத்தான் தெரியும். திட்டுவாய். திட்டு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

மார்ச் 11

அக்கா,

வெங்காயம் கண்ணைக் கரித்தது, நிறுத்தினேன். அதற்கு என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய். ஊரில் வேறு எதிரியே வேண்டாம்.

மார்ச் 29

அக்கா,

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமரா வைத்துப் படுக்கவைத்தார்கள். "நீங்கதானே டாக்டர் சின்னதுன்னு சொன்னீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"பார்க்கத்தான் சின்னது தம்பி. ஆபரேஷன் பண்ணின பழைய இடத்துல வலிப்போட நெருப்பு இன்னும் அணையலைன்னு அர்த்தம். சில நேரம் பயத்தோட நிக்கும், சில நேரம் நினைவையும் எடுத்துக்கும். மாத்திரையைக் குறைக்க முடியாது. வண்டியைத் தொடவே கூடாது."

நம்பாமல் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நர்ஸ் என் பெயரைக் கேட்கிறாள். நான் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போர்வையைப் பிய்க்கிறேன். எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. அந்த முகத்தோடு, பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு... வேண்டாம், எழுத முடியவில்லை.

மாத்திரை போடுகிறேன், சாப்பிடுகிறேன். கொஞ்ச நாள் இங்கே வராதே, மாமாவையும் அனுப்பாதே. நீ சொன்னதுதான் சரி. அதை வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? உன்னிடம் வந்து அழுதிருப்பேன்.

தம்பி