கேட்டில் நின்ற மிளகு ரசம்

பெரியாஸ்பத்திரி, சிரம்பான், மலாயா
27-5-1952

நீலாவதிக்கு,

ரப்பர் தோட்டத்தில் பால் மரத்தடியில் விழுந்தவனை இங்கே தூக்கி வந்து போட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறேன். மாரடைப்பாம். எழுந்து நிற்கக் கூடாது, கவலையும் படக் கூடாது என்கிறார் டாக்டர். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் வந்துவிடு. இங்கத்துக் கஞ்சி இறங்கவில்லை. உன் மிளகு ரசமும் ஒரு பிடி சோறும் கொண்டு வா.

உன் கணவன்,
முருகையா

கோலா சாவா தோட்டம்
1-6-1952

அன்பு மாமாவுக்கு,

லாரி போய்விட்டது. தூக்குச்சட்டியோடு நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன். கம்பி வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாதாம். காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம். கேட்டில் பெண்களைச் சோதிக்கிற மங்கம்மா, "யக்கா, சர்க்கார் ஆர்டர்லா. ரசத்த வச்சிட்டு நீ மட்டும் ஏறு" என்றாள்.

"மனுசன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறாரு. இந்த ரசத்தக் குடிச்சுத்தான் கம்யூனிஸ்டு துப்பாக்கி தூக்கப் போறானா?" என்றேன். வாக்குவாதம் முடிவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் பெர்மிட் கேட்டிருக்கிறேன். அங்கே வந்து கடைப்பழம் வாங்கி நீட்ட நான் என்ன அசலாளா? நோயாளியை வெறுங்கையோடு பார்த்தால் ஆயுசுக்கு ஆகாது என்று உங்கள் அம்மாவே சொல்வார்கள்.

நீலாவதி

சிரம்பான்
9-6-1952

நீலாவதிக்கு,

நேற்றும் நீ வரவில்லை. பார்வை நேரத்து மணி அடித்ததும் பக்கத்துக் கட்டில் சன்னாசியின் மனைவி வந்தாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தூங்கிப்போனார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனதும் எனக்கு மறுபடியும் வலி வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டார். என்ன சொல்ல? பெண்டாட்டி ரசத்துக்காகக் கேட்டில் சண்டை போடுகிறாள் என்றா?

ரசம் கேட்டது நான்தான். ஆனால் எனக்கு இங்கே பசி இல்லை, நீலா. பயம். வந்தால் சும்மா வா. இல்லையென்றால் எழுதாதே.

முருகையா

கோலா சாவா
12-6-1952

மாமா,

எழுதாதே என்றீர்கள். ஆனாலும் பதில் எழுதுகிறேன். பெர்மிட் கிடைக்கவில்லை, துரைக்கே அந்த அதிகாரம் இல்லையாம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு ஞாயிறும் கேட்டில் நான் கத்தியது யாருக்காக? பிறகு அந்த அம்மாள் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததை இன்னொரு முறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் முதல் ஆளாக ஏறிவிடுவேன். மங்கம்மாவிடம் விரித்துக் காட்ட வெறுங்கைதான் இருக்கும். லைன் வீடுகளில் பேசுகிறவர்கள் பேசட்டும்.

கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணை மூடித் தூங்குங்கள். நான் வந்து எழுப்புகிறேன்.

நீலா