கண் உயரத் தட்டு

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் கறைநீக்கித் தூளை எங்கள் கம்பெனிக் கடைகளில் மூன்றில் வைத்துப் பார்க்க மேலாளர் சம்மதித்துவிட்டார். எந்தச் சரக்கு எந்தத் தட்டில் என்று வரைபடம் போடுகிறவள் நான்தானே? கண் உயரத் தட்டில் வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவள் குனியவும் மாட்டாள், எக்கவும் மாட்டாள். கண்ணுக்கு நேரே இருப்பதைத்தான் கை எடுக்கும். அந்த இடத்துக்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் வாசலில் தவம் கிடக்கிறார்கள்.

இரண்டு விஷயம். ஒன்று, வெள்ளை லேபிளை மாற்று. மருந்து டப்பா மாதிரி இருக்கிறது. இரண்டு, இத்துடன் உள்ள தரப் படிவத்தில் என்னென்ன சேர்க்கிறாய், எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. நீ என் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

லேபிளை மஞ்சளாக்கிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இப்பதான்டி பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி நிறுத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

நேற்று உன் கடைக்குப் போனேன். திட்டாதே. துடைப்பம் பார்க்கிறவள் போல முக்கால் மணி நேரம் நின்றேன். ஒரு அம்மாள் டப்பாவை எடுத்தார், படித்தார், வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என்னைக் கடைக்காரி என்று நினைத்துக் கேட்டார்: "ஏம்மா, இது கையைப் பொசுக்குமா?"

"பொசுக்காதுங்க. நான் ஆறு வருஷமா இந்தக் கையாலதான் கலக்குறேன்" என்று உளறிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு டப்பா எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாய்களைத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த தூள், அக்கா. யாரோ ஒருவர் கூடையில் போகிறது!

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். எலுமிச்சை உப்பின் அளவு, கீழ்வீட்டுத் தச்சரிடம் வாங்கும் மரத்தூள், அதை மூன்று முறை சலிப்பது, சல்லடையின் கண் எவ்வளவு என்பது வரை எழுதிவிட்டேன். "எல்லாத்தையுமா எழுதிட்ட?" என்றாள் அம்மா. "அக்காகிட்டதானேம்மா" என்றேன்.

அன்புடன்,
சுண்டெலி


மே 27

அன்புள்ள சுண்டெலிக்கு,

மூன்று கடை பதினொன்றாகிவிட்டது. சரக்குக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள். தட்டு காலியாக இருந்தால் மறுநாளே வேறொருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். ஆள் வைத்துக்கொள். பள்ளிக்கூட வேலையை விடுவதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் அவசரப்படாதே. ஏன் என்று கேட்காதே, அக்கா சொன்னால் கேள்.

மேலாளர் உன் டப்பாவை மேசைமேல் வைத்துக்கொண்டேதான் இப்போதெல்லாம் பேசுகிறார். எனக்கு வேலை அதிகம். உன் அத்தானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வேறு செய்தி இல்லை.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

உன் மே மாதக் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தேன். பதில் இல்லை. மூன்று வாரமாக ஆர்டரும் இல்லை. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன். சலித்து வைத்த தூளுக்கு முன்னால் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இன்று கடைக்குப் போனேன். கண் உயரத் தட்டில் பச்சை டப்பா. உங்கள் கம்பெனியே போட்டது. என்னுடையதைத் தேடினேன். தரையை ஒட்டிய தட்டில், வாளிகளுக்குப் பின்னால், முட்டி போட்டுக் கையை விட்டால்தான் அகப்படுகிறது.

தட்டு அடுக்குகிற பெண்ணிடம் கேட்டேன். "அது முன்ன மாதிரி ஓடலீங்க. கம்பெனி சரக்கு பாதி விலை. ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள்.

ஒன்றுதான். பச்சை டப்பாவின் முதுகைப் படித்தேன். எலுமிச்சை உப்பு. மூன்று முறை சலித்த மரத்தூள். குழாயில் கீறல் விழாது. நான் படிவத்தில் எழுதிய வரிசை கூட மாறவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் உன்னை வேலி என்று நினைத்ததில்லை. அக்கா என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு கேள்வி. படிவம் கேட்டபோது உனக்குத் தெரியுமா?

தங்கை


செப்டம்பர் 21

என் சுண்டெலிக்கு,

தெரியாது என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அளவெல்லாம் எழுது என்று எந்தத் தரப் படிவமும் கேட்காது. அந்தப் பத்தியை மேலாளர் சேர்க்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. மே மாதம் தெரிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் என் ஒரு சம்பளம்தான் வருகிறது. வாய் வரவில்லை. உன்னைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிய வரைபடமும் நான் போட்டதுதான். வேறு யாராவது போட்டிருந்தால் அப்போதே அடியோடு எடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது இன்னொன்று. நமக்குள் உறவு உண்டோ என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விசாரணை வைத்திருக்கிறார்கள். உறவு என்று தெரிந்தால் மறைத்த குற்றத்துக்கு அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கான தாள் ஒன்றை உனக்கு அனுப்பச் சொன்னார்கள். இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிடு. ஐந்தாவது கேள்வியை மட்டும் நிரப்பாமல் விடு. நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

தாளை நேற்று அனுப்பிவிட்டேன். முதலில் அதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். நீ என் அக்கா என்பது வரை எல்லாவற்றையும் உன் மேலாளருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உன் கல்யாணப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டேன்.

ஐந்தாவது கேள்வியை வெறுமனே விடவில்லை. விட்டால்தான் சந்தேகம் வரும். "எங்கள் நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா?" என்று இருந்தது. இல்லை என்று எழுதினேன். இனி உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பொய் எழுதக் கை கூசும் என்று நினைத்தேன். கூசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலைக்கு வந்த இருவரில் ஒருத்தியை நிறுத்திவிட்டேன். அழவில்லை அவள், தன் சல்லடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மற்றவளும் நானும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு குழாய் ரிப்பேர்காரர் ஒருவரிடம் போனோம். "வைச்சிட்டுப் போங்கம்மா, போற வீட்ல தேய்ச்சுக் காட்டுறேன். பிடிச்சா அவங்களே கேப்பாங்க" என்றார். பார்ப்போம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவளுக்குப் போன் செய். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். முட்டி வலியோடு அவள் எழுந்து வர நேரமாகும். அதற்குள் வைத்துவிடாதே.

தங்கை