கல்லறைத் திருநாளன்று வராமல் போன அப்பா

ஸ்டெல்லா, என் செல்லமே,

அப்பா பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் கூட்டாளி ரேவதி கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீராக்கி எழுதுவாளாம். உன் கணினிச் சந்திப்பின் இணையப் பக்கத்தில் போடப் போகிறார்களாம். நாலு பேர் படித்துவிட்டுப் போகட்டும், எனக்கு வெட்கமில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை உனக்குத்தான் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நீ ஆரம்பித்த கணினிச் சந்திப்பு இந்த வருஷம் நடந்துவிட்டது. நெல்லித்தோப்பில், நான் சாவி வைத்திருக்கும் நம் மதாமின் மண்டபத்திலேயே நடந்தது. அவ்வளவு மழையிலும் மண்டபம் நிறைந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்தார்கள்.

அடுத்த சேதி உனக்கே தெரியும். கல்லறைத் திருநாளன்று நான் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. நீயும் உன் அம்மாவும் ஒரே கல்லறையில் காத்துக் கிடந்திருப்பீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஆள் வந்திருக்கும். உன் அம்மாவை எப்படிச் சமாளித்தாய்? நான் அரைமணி தாமதமாக வந்தாலே முகம் கொடுத்துப் பேசமாட்டாளே.

ஏன் வரவில்லை என்று ஆதியிலிருந்து சொல்கிறேன், கேள்.

போன வருஷம் சித்திரையில் நீ போனாய். அந்த வருஷம் சந்திப்பு நடக்கவில்லை. உன் கூட்டாளிகள் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தார்கள், அப்புறம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நீ இல்லாத வீட்டில் என்னிடம் உட்கார்ந்து என்ன பேசுவார்கள்? நான் பாட்டுக்கு மண்டபத்தைத் திறப்பேன், பெருக்குவேன், பூட்டுவேன், வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருந்த நாட்கள் உண்டு.

இந்த ஆடியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் உன் கூட்டாளிகள் ஆறு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். ரேவதிதான் முன்னால் நின்றாள். இந்த வருஷம் நடத்தலாம் என்று இருக்கிறோம், மண்டபம் கிடைக்குமா என்று கேட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனேன். ஆறு டம்ளரை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. இஞ்சி தட்டிப் போட மறந்தே போனேன். அப்படியே குடித்துவிட்டார்கள்.

அடுத்த புதன் மண்டபத்திலேயே கூடினோம், தேதி பார்க்க. சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த, பெரிய கட்டம் போட்ட காலண்டர் சுவரில் தொங்குகிறது இல்லையா? மண்டபம் எடுப்பவர்களே அதில் பேர் எழுதிவிட்டுப் போவார்கள், நான் மனதில் வைத்துக்கொள்வேன். ஐப்பசி ஞாயிறு, கார்த்திகை ஞாயிறு எல்லாம் கல்யாணம், நிச்சயதார்த்தம். ஒரே ஒரு ஞாயிறுதான் காலி.

தினேஷை உனக்குச் சொல்ல வேண்டுமா? உன்னோடு காலேஜில் பாடம் எடுத்தவன், இன்னும் வாய் ஓயவில்லை. அந்தக் கட்டத்தில் விரலை வைத்துவிட்டு, லாட்டரி விழுந்த மாதிரி குதித்தான். "நவம்பர் ரெண்டு. மொத நாளு நம்ம ஊரு விடுதலை நாள் லீவு வேற, வெளியூர்க்காரங்க நிம்மதியா வந்து சேரலாம். இப்படி ஒரு ஞாயித்துக்கெழமைய எப்படிப்பா எல்லாரும் விட்டு வெச்சாங்க?"

எப்படி விட்டு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நம் கோயில்காரர்கள் யாரும் கல்லறைத் திருநாளன்று மண்டபம் எடுக்கமாட்டார்கள். முகூர்த்தம் இல்லாததால் மற்றவர்களும் கேட்கவில்லை. இந்த ஆறு பேரில் ஒருவர்கூட நம் கோயில்காரர் இல்லை. கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருந்ததோ என்னவோ, எனக்குப் படிக்கத் தெரியாது. படித்த ஆறு பேரும் பார்க்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். "எழுதிடு தம்பி" என்றேன். எழுதிவிட்டான்.

மதாமுக்குப் பிரான்சுக்குப் போன் போட்டோம். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எப்போதும் போல ஒரே நிபந்தனை: திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை நான் மண்டபத்தை விட்டு நகரக் கூடாது. தேதியைச் சொன்னேன். "அன்னைக்கா? அன்னைக்கு உன் பொண்ணுகிட்ட போக வேணாமா?" என்று கேட்டார்கள். ரேவதி பக்கத்திலேயே நின்றாள். பார்த்துக்கொள்கிறேன் மதாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் புதன்தோறும் நம் வீட்டில்தான் கூட்டம். பேச்சில் பாதி எனக்குப் புரியாது. புரிய வேண்டியது புரிந்தது: கையில் பணம் கிடையாது, வருகிறவர்களிடம் வாங்கவும் கூடாது. ஒரு கம்பெனிக்காரர் மொத்தச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மேடை முகப்பில் அவர் பேர் வேண்டும், காலையில் ஒரு மணி நேரம் அவர் ஆள் பேச வேண்டும். தினேஷுக்குச் சபலம். ரேவதிக்கு வேண்டாம். இரண்டு புதன் இதிலேயே போயிற்று.

மூன்றாவது சந்திப்பில் இதே பேச்சு வந்ததும், நீ ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னதும் எனக்கு அப்படியே நினைவில் இருந்தது. சொன்னேன். "சோறு போட்டவரு பேச்சக் கேட்டுத்தான் ஆகணும்னா, நாம சாம்பார் சாதத்தோட நிறுத்திக்கலாம்." சிரித்தார்கள். தினேஷ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சாம்பார் சாதம்தான் என்றான்.

அதன் பிறகு என்னைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. கிழக்குச் சுவரில் எந்தப் பிளக்கில் கரண்டு வராது, எந்த வருஷம் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வராமல் சோறு மிஞ்சியது, எந்த வருஷம் பற்றாமல் போய் நீ வாழைப்பழம் தின்றாய், எல்லாம் சொன்னேன். அச்சகத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் பேர் எழுதிக் கழுத்தில் மாட்டக் கொடுத்தார்கள். ஒருவன் திரும்பி நின்றால் முதுகுப் பக்கம் யாரோ மணமக்களின் பேர் தெரியும். படம் காட்டும் கருவி டியூஷன் சென்டரில் இரவல். திரைக்கு இரண்டு வெள்ளை வேட்டியை ஒட்டித் தைத்தோம். பேச வந்தவர்கள் ஆளுக்கொரு வீட்டில் தங்கினார்கள். நம் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் கட்டிலில்தான் படுத்தாள். காலையில் போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடித்து வைத்திருந்தாள். நீ ஒருநாளும் மடித்ததில்லை.

அன்றைக்கு விடியற்காலையே உங்களிடம் வந்துவிட்டு மண்டபம் திறக்கலாம் என்று இருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்பே வந்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன், தெரியுமல்லவா? சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் வாங்கி ஒயர் கூடையில் தயாராக வைத்திருந்தேன். ராத்திரி பிடித்த மழை விடவில்லை. விடியும்போது மண்டபத்து முன்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். வாரி இறைத்து முடிப்பதற்குள் கடலூர் பஸ்ஸில் வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சரி, நாலு மணிக்கு ஃபாதர் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார், அதற்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம், மதாமுக்குத் தெரியவா போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றரைக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளே மேடையில் ரேவதி. நீ பாதியில் விட்டுப் போன வேலையை முடித்துவிட்டார்கள், ஸ்டெல்லா. தமிழ் எழுத்தைக் கண் தெரியாதவர்களுக்குக் கணினி வாய்விட்டுப் படித்துக் காட்டுமே, அது. திக்காமல் படிக்கிறது. கேட்டைத் திறக்கும்போதுகூட அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

மண்டபமே இருட்டு. பழைய பீங்கான் ப்யூஸ் கட்டை, உனக்குத் தெரியும், என்னைத் தவிர யார் கையை வைத்தாலும் ஷாக் அடிக்கும். உள்ளே ரேவதி என்னைக் கூப்பிடவில்லை. "ஒரு நிமிஷம், அப்பா இருக்காரு, பார்த்துப்பாரு" என்று கூட்டத்திடம் சொன்னாள். நான் அங்கே இருக்கிறேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

கேட்டில் நின்றேன். ஒரு ஷேர் ஆட்டோ வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கூடையைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனேன்.

ப்யூஸுக்குப் புதுக் கம்பி போட்டேன். விளக்கு வந்தது. கம்பி சூடேறிக்கொண்டே இருந்ததால் அங்கிருந்து நகர முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். அது படித்து முடித்ததும் கைதட்டினார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், எழுந்து போகவே இல்லை. உன் பேரைச் சொன்னபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் ப்யூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் போய், பாத்திரம் கழுவி, பூட்டும்போது உப்பளத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

மறுநாள் காலையில் வந்தேனே, பார்த்தாயா? எல்லாக் கல்லறைமேலும் மெழுகு வழிந்து உறைந்து கிடந்தது. நனைந்த மாலைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உங்களது மட்டும் நான் அடித்த சுண்ணாம்போடு அப்படியே வெள்ளையாக இருந்தது. மாலையைப் போட்டேன். காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. கூட்டுகிற அம்மா வந்து, "நேத்து வரலியா பெரியவரே?" என்று கேட்டாள். வேலை இருந்தது என்றேன். இத்தனை வருஷத்தில் உன் அம்மாவிடம்கூட நான் சொல்லாத சாக்கு அது.

புதன்கிழமை மறுபடி கூடினார்கள், அடுத்த தடவை எதை மாற்றணும் என்று பேச. ஒருவன் சோற்றுக்கு உப்பு குறைவு என்றான். தினேஷ், வேட்டித் திரையில் பாடம் நடத்தினால் எல்லா எழுத்துக்கும் சரிகைக் கரை வருகிறது என்றான். உங்களுக்கு ஏதாவது தோணுதாப்பா என்று ரேவதி கேட்டாள். "தேதிய மாத்துங்க" என்றேன்.

சொன்னேன். அது என்ன நாள் என்றும், நான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்றும். தினேஷ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ரேவதிதான் கேட்டாள்.

"ஏம்ப்பா மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா தள்ளி வெச்சிருப்பீங்க."

"தள்ளி வெச்சா என்னப்பா?"

"தள்ளி வெச்சா அப்புறம் நீங்க வரமாட்டீங்க."

இதுதான் சங்கதி, ஸ்டெல்லா. உன் சந்திப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று ஊரிடம் சொல்லலாம். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? எனக்குப் புதன்கிழமை வேண்டியிருந்தது. அதற்காக உன்னையும் அம்மாவையும் ஒரு நாள் தனியாக விட்டேன். இதைச் சொல்லும்போது ரேவதி தட்டுவதை நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்றேன்.

அன்றைக்கு எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எப்போதும் போலச் சத்தம் போட்டுக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை முடிந்ததால் இனி அடுத்த ஆடிவரை கூட்டம் இல்லை. போன புதன் பழக்கத்தில் ஆறு டம்ளருக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். அவ்வளவு டீயையும் என்ன செய்வது? நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, அவர்களைத் திட்டியிருப்பாயா? உன் அம்மா என்ன சொல்கிறாள்?

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு, மதாமே வந்து மண்டபத்தைத் திறக்கச் சொன்னாலும் திறக்கமாட்டேன். காலையிலேயே உங்களிடம் வந்துவிடுவேன், ஃபாதர் தீர்த்தம் தெளித்து, எல்லோரும் கிளம்பி, கதவைச் சாத்த ஆள் வந்து எழுப்புகிறவரை உட்கார்ந்திருப்பேன். சந்திப்பை இவர்கள் எந்தத் தேதியில் வைத்தாலும் அன்றைக்குச் சாவியோடு நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. வருஷத்தில் இந்த இரண்டு நாளும் எனக்கு ஆள் உண்டு. மிச்ச நாட்களை நான் எப்படியாவது ஓட்டிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

ஒரு நாள் தாமதமாக வந்த,
உன் அப்பா